அன்னபூரணியின் சிறு வடிவம்



1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதலாந் திகதி, அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் இரண்டு பாய்மரங்கொண்ட மரக்கப்பலொன்று வந்து சேர்ந்தது. அதன் நீளம் 89 அடி. அப்பொழுது அது தாங்கியிருந்த பெயர் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்'. ஆனால் 1930ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே வேப்பமரத்தாற் கட்டி நீரில் இறக்கப்பட்ட காலத்தில் அதற்கு வழங்கிய பெயர் அன்னபூரணி. 'சுவாப்' என்னுஞ் சிறு பாய்க்கலத்தில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்பவர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 1937இல் இலங்கையை விட்டுப் புறப்பட்ட கப்பலைத் தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவரோடு சென்ற வல்வை மாலுமிகளும் சுயெஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுட் புகுத்தி, ஜிபிரால்டரைக் கடந்து, பெர்மியூடாத் தீவைத் தொட்டு, அக்கரை சேர்த்தனர்.

இவ்வரலாறு வல்வை மக்கள் பலமுறை சொல்லியும் கேட்டும் மகிழ்ந்தது. ஆதலின் அதனை மீண்டும் விரித்துரைக்க நான் வரவில்லை. அந்தக் கப்பலை மரத்திலே சிறு வடிவமாகச் செய்ய முயன்றபோது எழுந்த சில இடர்ப்பாடுகளையும், அவை வரலாற்றைப் பற்றி எனக்குக் கற்பித்தவற்றையும் எடுத்துரைக்கவே விழைகின்றேன்.

முயற்சி நடந்த இடம் வல்வெட்டித்துறையன்று. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருந்தெருவிலுள்ள புதுக்குடியிருப்பு. கடற்கரை அணித்தே இருப்பினும், காட்டு மரத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர். 2009ஆம் ஆண்டுப் போரின்போது ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மீண்டு வந்தோர் முதலில் தேடியவை கதவும் சன்னலும் கூரைமரமுமே. ஆகவே எங்கள் ஊர்த் தச்சர்க்குக் கப்பல் என்னும் பொருள் அயலானது. ஆயினும் என் வேண்டுகோளுக்கு இணங்கிய முதியவர் ஒருவர், "வாத்தியார், நிலை செய்யிற கைக்கு இதுவும் ஒரு நிலைதானே" என்று சொல்லித் தம் பட்டறையின் ஒரு மூலையை எமக்கு ஒதுக்கித் தந்தார். 48 அடிக்கு ஓரடி என்று அளவு கொண்டோம். 89 அடிக் கப்பல் 22 அங்குலமும் காலுமாகச் சுருங்கிற்று.

ஏராவை, அதாவது கப்பலின் முதுகெலும்பாகிய அடிமரத்தை, பாலை மரத்தில் அறுத்தோம். வன்னிக் காட்டுப் பாலை நீரில் இட்டால் அமிழும், அத்துணைக் கனம். இது பின்னர் எமக்குக் கைகொடுத்தது. பலகைகளுக்கு வேம்பே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கப்பலில் இரண்டு அங்குலக் கனமுள்ள பலகை, எம் அளவில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றே மேற்படும். அத்துணை மெல்லிதாகச் சீவிய வேம்பு, ஆணி தொட்ட இடமெல்லாம் பிளந்தது. கப்பலைச் சிறிதாக்கலாம், மரத்தின் இழையைச் சிறிதாக்க இயலாதன்றோ! இரண்டு நாள் பிளந்த சில்லுகளைப் பொறுக்கிய பின்னர், மென்மையும் ஒரே சீரான இழையும் உள்ள மஞ்சட்கடம்புக்கு மாறினோம். பொருளுக்கு உண்மையாயிருப்பதா, வடிவத்துக்கு உண்மையாயிருப்பதா என்னும் வினா அப்பொழுதே தீர்ந்தது.

பெரிய இடர்ப்பாடு வடிவத்திலேதான் இருந்தது. நீளமும் அகலமும் உயரமும் தெரிந்தால் ஒருவர் பெட்டி செய்யலாம். கப்பல் செய்ய முடியாது. நடுவிலே அகன்று, அணியத்தை நோக்கியும் பின்புறத்தை நோக்கியும் ஒடுங்கி, ஒடுங்கும்போதே அடியும் மெல்ல உயர்ந்து செல்லும் அந்த வளைவை எவ்வாறு பெறுவது? நம் கரையிலே கப்பல் கட்டியோர் தாளில் வரைந்து கட்டியவரல்லர். சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலே பேணப்பட்டுச் சென்ற நூற்றாண்டில் அச்சேறிய 'கப்பல் சாத்திரம்' போன்ற நூல்கள் மரத்தின் குணத்தையும் நாள் நிமித்தங்களையும் பேசுவன. அவற்றைக் கையிலே வைத்துக்கொண்டு ஒரு விலாச் சட்டத்தை வெட்டிவிட முடியாது.

இங்கே ஓர் ஒப்புமை கூறத் தகும். அன்னபூரணி சென்றடைந்த குளொஸ்ரருக்கு அயலே எசெக்ஸ் என்னும் ஊர் உள்ளது. மீன்பிடிக் கப்பல்களைக் கட்டுவதிற் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவ்வூர்த் தச்சர், முதலிற் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முளைகளால் இணைத்து, அந்த அடுக்கிலிருந்து கப்பலின் ஒரு பக்கத்தை மட்டும் செதுக்கி எடுப்பர். உடையவர் அதனைத் தடவிப் பார்த்து, அணியம் இன்னும் கூராகட்டும் என்பார். தச்சர் மேலும் இழைப்பார். இருவரும் மனநிறைவு கொண்டபின் அடுக்கைப் பிரித்து, ஒவ்வொரு பலகையின் விளிம்பையும் அளந்து, அவ்வளவைப் பெருக்கிக் கப்பல் கட்டுவர். அங்கே சிறு வடிவம் முந்தியது, கப்பல் பிந்தியது. எமக்கோ கப்பல் முந்தி வந்து, கடல் கடந்து, போயும் போய்விட்டது.

முதன்முறை நான் வகுத்த வழி தவறிற்று. கப்பலின் நடுச்சட்டத்தை நிழற்படங்களின் துணையால் ஒருவாறு வரைந்துகொண்டேன். அங்கிருந்து அணியம் வரை ஆறு சட்டங்கள். மொத்த ஒடுக்கத்தை ஆறாற் பிரித்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரே அளவாகக் குறைத்து வெட்டச் செய்தேன். கணக்கு நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் பலகையை வைத்து வளைத்தபோது, நடுப்பகுதி முடிந்து ஒடுக்கம் தொடங்கும் இடத்திலே முழங்கை மடங்கினாற்போல ஒரு முறிவு தோன்றிற்று. பலகை அவ்விடத்திற் சட்டத்தைத் தொடாது விலகி நின்றது. வெந்நீரில் ஊறவைத்து வளைத்தோம். பிடிசட்டம் இட்டு இறுக்கினோம். பலகை முறிந்ததேயன்றிப் படியவில்லை. முதியவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பலகையிலை பிழை இல்லை, வாத்தியார். அது போக விரும்பிற வழி வேறை" என்றார்.

அவ்வழியை நான் கண்டது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில். லூசி புளூ, எரிக் கென்ட்லி, சீன் மக்கிரெயில் என்னும் மூவர், பாக்கு நீரிணையின் மறுகரையில், தமிழ்நாட்டுக் கடலோரத்தில் வழங்கும் வத்தை என்னும் மீன்பிடிக் கலத்தை ஆராய்ந்து 1998இல் எழுதினர். வத்தை கட்டுவோர் முதலிற் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேற் பலகை தைப்பர். அச்சட்டங்களின் வளைவுகளெல்லாம் ஒரு பலகையிலே கீறி வைக்கப்பட்டிருக்கும். நடுச்சட்டங்கள் சில ஒரே அளவின. அவற்றுக்கு அப்பால், குறிக்குக் குறி சிறிது நகர்த்தி, ஒடுங்கியும் உயர்ந்தும் செல்லும் சட்டங்கள் ஒவ்வொன்றாய்ப் பெறப்படும். ஒரு பலகைக்குள் ஒரு கலம் முழுதும் அடங்கிக் கிடக்கின்றது! மத்தியதரைக் கடற்கரையில், வெனிசு நகரத்தார் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதிவைத்த கப்பற் குறிப்புகளிலும் இதனை ஒத்த முறை காணப்படுவதால், இது போர்த்துக்கேயரோடு வந்ததோ என்னும் வினாவும் எழுந்துள்ளது.

அம்மத்தியதரை முறையிலே நகர்த்தும் அளவைப் பெறுவதற்கு ஓர் அரைவட்டம் பயன்பட்டது. மொத்தம் எவ்வளவு ஒடுங்க வேண்டுமோ அவ்வளவை ஆரையாகக் கொண்டு வட்டம் வரைதல் வேண்டும். அதன் காற்பகுதியை ஆறு சம பங்காக்கி, ஒவ்வொரு குறியின் உயரத்தையும் அளந்தால், அதுவே அந்தந்தச் சட்டத்தின் ஒடுக்கம். நேயர்கள் வீட்டிலே வரைந்து பார்க்கலாம். முதற் குறியில் உயரம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். நான்காங் குறிக்கு வரும்போதுதான் மொத்த ஒடுக்கத்தில் சரிபாதி நிறைகின்றது. எஞ்சிய பாதி இறுதி இரண்டு குறிகளுக்குள் விரைந்து முடிகின்றது. மெல்லத் தொடங்கிப் பின் விரையும் இந்த ஒழுங்கிலே முறிவு ஏற்பட இடமே இல்லை.

இதனைப் படம் கீறிக் காட்டியபொழுது முதியவர் வேறு விளக்கம் கேட்கவில்லை. பழைய அலுமாரிப் பலகையொன்றை எடுத்து, ஒரு முனையில் ஆணி அடித்து, நூல் கட்டிக் கால்வட்டம் கீறினார். அன்று மாலைக்குள் ஆறு சட்டங்களும் ஆயின. மறுநாள் வைத்த பலகை, பிடிசட்டம் இன்றியே சட்டங்களைத் தழுவிக்கொண்டு அணியம் வரை சென்றது.

வல்வையில் அன்னபூரணியைக் கட்டியோரும் இத்தகைய பலகையையே கையாண்டனர் என்று கூற நான் முற்படவில்லை. ஒரே நீரிணையின் இரு கரைகள், ஒரே மொழி, இடையறாத போக்குவரவு என்பவற்றை எண்ணும்போது அவ்வாறு இருந்திருத்தல் கூடும் என்பது என் ஊகம், அவ்வளவே. ஆனால் ஒன்று திண்ணம். ஏதேனும் ஒரு விதி அவர்கள் கையில் இருந்தே தீரவேண்டும். கண்ணளவும் கைப்பழக்கமும் மட்டும் 89 அடிக் கப்பலை அத்திலாந்திக்கின் அப்பாற் கரை சேர்த்திரா. கல்வியில்லாத் தச்சர் ஏதோ மரபாற் கட்டினர் என்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் ஒருகால் அவ்வாறு எழுதியவனே. ஆறு சட்டங்களைப் பிழையாக வெட்டுவித்த பின் அதனை எழுதக் கை கூசுகின்றது.

சிறு வடிவம் மறைந்த கப்பலுக்குச் சான்றாவதும் உண்டு. தென்னிலங்கையிலே காலிக்கு அணித்தான தொடந்துவையில், குமாரகந்த விகாரையில், 'யாத்ரா' என்னும் பழைய வணிகக் கலத்தின் மாதிரியொன்று பேணப்படுகின்றது. பக்கத்தே மிதவைக் கட்டை பூட்டி, பலகைகளைக் கயிற்றால் தைத்து அமைத்த கலம் அது. அவ்வினத்தின் கடைசிக் கலம் 1930ஆம் ஆண்டளவில் மாலைதீவருகே அழிந்தது. வல்வையில் அன்னபூரணி பிறந்த காலமும் அதுவே. தொம் வொஸ்மர் என்னும் ஆராய்ச்சியாளர் அந்த மாதிரியை அளந்து, கணினியின் துணையால் முழுக்கலத்தின் வடிவத்தையும் இயல்பையும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார். பக்தியோடு செய்து வைத்த ஒரு பொருள், கலம் போனபின் அதன் அளவைக் காத்து நின்றது.

எம் கப்பலுக்கு வருவோம். பலகை வைப்பதிலே இன்னொரு பாடமும் படித்தோம். ஆர்வ மிகுதியால் வலப்பக்கம் முழுவதையும் முதலில் மூடிவிட, காய்ந்த பலகைகள் இழுத்து ஏராவையே வில்லாக வளைத்துவிட்டன. கழற்றிவிட்டு, வலத்தில் ஒன்று இடத்தில் ஒன்று என மாறி மாறி வைத்தோம். இடைவெளிகளைப் பஞ்சுநூல் திணித்துக் கலப்பத்து அடித்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசினோம். பட்டறை முழுவதும் கோயில் மணம்!

பாய்மரங்களும், சதுரப்பாய் தாங்கும் குறுக்குப் பருமல்களும் கயிறுகளும் அமைந்தபின், நந்திக்கடல் ஓரத்திற்குக் கொண்டுசென்று நீரில் விட்டோம். ஊர்ச் சிறுவர் பலர் கூடியிருந்தனர். காற்று மெல்லத் தொட்டதும் அன்னபூரணி பக்கவாட்டிற் படுத்துவிட்டாள். எடுத்து நிறுத்தினோம், மறுபடியும் படுத்தாள்.

இதற்குக் காரணம் தச்சில் இல்லை, கணக்கில் உள்ளது. கப்பலை 48இல் ஒரு பங்காக்கினால், பாயின் பரப்பு 2,304இல் ஒரு பங்காகின்றது. கப்பலின் நிறையோ 1,10,592இல் ஒரு பங்காகிவிடுகின்றது. காற்று மட்டும் சிறுகுவதில்லை. முல்லைத்தீவிலே பெருங்கப்பலைத் தள்ளும் அதே காற்றுத்தான் எம் கப்பலையும் தள்ளுகின்றது. எனவே சிறு வடிவம் பெருங்கப்பலைக் காட்டிலும் 48 மடங்கு எளிதிற் சாயும் என்பது கணக்கின் முடிபு. சரக்கின்றிச் செல்லும் கப்பலுக்குக் கல்லோ மணலோ அடிப்பாரமாக இட்ட மாலுமியர் அறிந்ததும் இதன் இன்னொரு முகமே.

முதியவர் ஒரு சிறுவனை அனுப்பி, மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள் சிலவற்றை வாங்குவித்தார். ஏராவின் இருமருங்கும் அவற்றை ஒட்டினோம். பாலை மரத்தின் கனமும் சேர்ந்து உதவிற்று. மேற்பாய்கள் இரண்டையும் சுருட்டிக் கட்டிவிட்டு மீண்டும் விட்டபோது, அவள் சற்றே சாய்ந்து, நிமிர்ந்து, காற்றின் வழியே நேராகச் சென்று எதிர்ப்பக்கத்து நாணலிற் போய் அணியத்தைச் செருகினாள். சிறுவர் முழந்தாளளவு நீரில் ஓடினர்.

கப்பல் இப்பொழுது பட்டறைச் சன்னலின்மேல் இருக்கின்றது. கால்வட்டம் கீறிய அலுமாரிப் பலகையை முதியவர் அடுப்புக்கு விடவில்லை. அதன் பின்புறத்திலே ஆறு சட்டங்களின் அளவையும் கரியால் எழுதி, ஆணியில் மாட்டி வைத்திருக்கின்றார்.