பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம்: விண்ணப்பிக்கும் முன் முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி

நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, வாழை என்று எதைப் பயிரிட்டாலும் அறுவடை நெருங்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் புகுந்து ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடுகின்றன. பரண் கட்டி, தகரம் தட்டி, பட்டாசு வெடித்துச் சலித்துப்போன மலையடிவார விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி இது: "பயிரைக் காக்கத் துப்பாக்கி உரிமம் வாங்க முடியுமா?"

சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால், உரிமத்துக்கு முன் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இதைப் பலர் வெறும் காகிதச் சடங்காக நினைக்கிறார்கள். துப்பாக்கி வீட்டுக்குள் வந்தபின் அதனால் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும்தான். அதனால் பயிற்சியில் என்ன கற்க வேண்டும், அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி உரிமம் ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 ஆகியவற்றின் கீழ் வழங்கப்படுகிறது. மாவட்டங்களில் உரிமம் வழங்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர். காவல் ஆணையரகம் உள்ள மாநகரங்களில் காவல் ஆணையர்.

பயிர்ப் பாதுகாப்புக்குச் சட்டம் முதலில் சொல்வது, குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் அடைத்துச் சுடும் துப்பாக்கி. உரிமங்களில் இதை 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதுவார்கள். உங்கள் பகுதியின் நிலைமைக்கு அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே, தோட்டா போட்டுச் சுடும் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். ரைபிள், கைத்துப்பாக்கி ஆகியவை இந்த வகையில் வராது.

விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் மட்டுமே வைத்திருக்கலாம்.

பயிற்சியில் என்ன கற்றுத் தருவார்கள்?

2016 விதிகளின்படி விண்ணப்பதாரர் ஆயுதம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, 'எஸ்-1' படிவத்தில் சான்றிதழ் பெற வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வது, எடுத்துச் செல்வது, சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாக வைக்கும் முறை ஆகியவை பாடத்தில் அடங்கும். எந்தத் துப்பாக்கியானாலும் பயிற்சியின் அடிப்படை நான்கு பழக்கங்கள்:

1. கையில் எடுக்கும் எந்தத் துப்பாக்கியையும் மருந்து அடைத்ததாகவே கருத வேண்டும். 'காலியாகத்தான் இருக்கிறது' என்ற நம்பிக்கையில்தான் பல உயிர்கள் போயிருக்கின்றன.

2. சுட எண்ணாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது.

3. குறி வைத்துச் சுட முடிவு செய்யும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

4. இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது.

தோட்டக் காவலில் நான்காவதுதான் உயிர் காக்கும் பாடம். இரவில் சோளக்காட்டில் சலசலப்பு கேட்டால் அது பன்றியாக இருக்கலாம். தண்ணீர் திருப்ப வந்த பக்கத்துத் தோட்டக்காரராகவும் இருக்கலாம். சத்தத்தையோ அசைவையோ மட்டும் வைத்துச் சுடுவது குற்றம் மட்டுமல்ல, ஆயுளுக்கும் தீராத பழி. ரவைகள் பாறையிலும் தண்ணீரிலும் பட்டுத் திசை மாறிப் பறக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மருந்து அடைக்கும் துப்பாக்கிக்குத் தனிக் கவனம்

இந்த வகைத் துப்பாக்கியில் தவறு நேர வாய்ப்பு அதிகம். பயிற்சியாளரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, செய்தும் காட்டச் சொல்லுங்கள்.

* மருந்தைக் கம்பியால் கெட்டிக்கும்போது முகமும் உடலும் குழல் வாய்க்கு நேராக இருக்கக் கூடாது.
* ஏற்கெனவே அடைத்த குழலில் மறந்துபோய் மீண்டும் அடைத்தால் குழல் வெடித்துச் சிதறும். காலிக் குழலில் கம்பி எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைக் கம்பியிலேயே குறித்து வைத்தால், அடைத்திருக்கிறதா என்பதை உடனே அறியலாம்.
* விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே குழலைப் பார்க்கக் கூடாது. மருந்து தாமதமாகவும் பற்றும். குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.
* பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு அருகே மருந்தைத் திறக்கக் கூடாது.
* கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். சுட்ட அன்றே துடைத்து, காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். அரித்த குழல் அடுத்த முறை கையிலேயே வெடிக்கலாம்.

பயிற்சியை எங்கே பெறுவது?

பணம் கட்டும் முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவுக்குச் சென்று, எந்தப் பயிற்சியாளர் அல்லது ரைபிள் கிளப் தரும் சான்றிதழ் ஏற்கப்படும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கப்போகும் துப்பாக்கி வகையிலேயே பயிற்சி கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

"வகுப்புக்கே வர வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் தரகர்களை நம்ப வேண்டாம். தவறான தகவல் தந்து பெற்ற உரிமத்தை ரத்து செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. அதைவிட முக்கியம், பழகாத கையில் துப்பாக்கி இருப்பது. பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் உரிமம் நிச்சயம் என்றும் எண்ண வேண்டாம். தேவை உண்மையா என்று பார்த்துத்தான் அதிகாரி முடிவெடுப்பார்.

பயிற்சிக்குப் பின் விண்ணப்பம்

விண்ணப்பத்தை 'ஏ-1' படிவத்தில் தர வேண்டும். உடன் வைக்க வேண்டியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்:

* புகைப்படம், வயது, அடையாளம், முகவரி ஆகியவற்றுக்கான சான்றுகள்
* 'எஸ்-1' பயிற்சிச் சான்றிதழ்
* மனநலம், உடல்நலம் குறித்தும் போதைப் பழக்கம் இல்லை என்றும் மருத்துவர் தரும் சான்று
* பட்டா, சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்கள். என்ன பயிர், எந்தப் பகுதியில் காவல் தேவை என்ற விவரம்

பயிர்ச் சேதத்துக்காக வனத்துறையிடம் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தால் அதன் நகலையும் இணைப்பது நல்லது. பிறகு காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள். வழக்கு ஏதும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமத்தில் தேசியத் தரவுத்தளத்தின் யு.ஐ.என். எண் இருக்க வேண்டும். அப்பா காலத்துப் பழைய உரிமப் புத்தகத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் உடனே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாமா?

சுட முடியாது. இங்கேதான் பலர் வழக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆயுத உரிமம் துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே அனுமதி. விலங்கைக் கொல்வது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வருகிறது. காட்டுப்பன்றி அதன் 2-ம் அட்டவணையில் இருக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்துப்பூர்வமாக அனுமதிக்காமல் அதைச் சுடக் கூடாது.

தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால், புகார்களைப் பரிசீலித்து வனத்துறையினரே சுடுவார்கள். அதாவது சுடும் வேலை விவசாயிக்கு உரியதல்ல. யானை, மயில் போன்றவை 1-ம் அட்டவணையில் உள்ளவை. அவற்றைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

ஆகவே துப்பாக்கி வாங்கினாலும் சேதத்தை வனத்துறைக்கு எழுதித் தருவதையும் இழப்பீடு கேட்பதையும் விடக் கூடாது. உங்கள் ஊரில் உரிமம் உண்மையிலேயே பயன்படுமா, பதிவு செய்த சூரிய மின்வேலியே போதுமா என்று வனச்சரக அலுவலகத்தில் முதலில் பேசிப் பாருங்கள். நேரடி மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் அவுட்டுக்காயும் எந்த நிலையிலும் வேண்டாம்.

வீட்டில் எப்படி வைப்பது?

* மருந்து நீக்கி, பூட்டிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். மருந்து, குண்டு, கேப்பு ஆகியவற்றைத் தனி இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். சாவி உரிமதாரரிடமே இருக்கட்டும்.
* உரிமத்தில் பெயர் இல்லாத மகனோ, தம்பியோ, காவலாளியோ எடுத்துக்கொண்டு காவலுக்குப் போகக் கூடாது.
* மது அருந்திய நாளில் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். வீட்டில் சண்டை, கடன் நெருக்கடி, மனச்சோர்வு இருந்தால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.
* திருவிழா, கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டாலும் குற்றம். 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.
* தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொன்னால் தாமதிக்காதீர்கள். தொலைந்தால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.
* உரிமதாரர் இறந்துவிட்டால், குடும்பத்தார் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்காமல் ஒப்படைக்க வேண்டும்.

உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தால்?

உரிமமின்றி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு. மலைக் கிராமங்களில் இத்தகைய துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறையும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிப்பார்கள். அந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர் அல்லது வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று ஒப்படைக்கலாம்.

ஒரு பருவத்து வெள்ளாமை போனால் அடுத்த பருவத்தில் எடுத்துவிடலாம். கைதவறிப் போன உயிரைத் திரும்ப எடுக்க முடியாது. பயிற்சியில் செலவாகும் நேரத்தை வீண் என்று நினைக்காமல், சந்தேகம் தீரும் வரை கேட்டுப் பழகிய பிறகே உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.