அடைப்பதா, அழுத்தத்தைக் குறைப்பதா? பிளவுற்ற பாறையில் துளையிடல்: ஹெப்பகோடியை முன்வைத்து

பிளவுற்ற பாறையில் துளைச்சேறு வெளியேறினால் பிளவை அடைத்துவிடுவது எண்ணெய்த் துறையின் பழைய வழக்கம். அரைத்த சுண்ணாம்புக்கல், மைக்கா, கொட்டையோட்டுத் தூள் என்று கலந்து அனுப்புவார்கள். நைஸ், கிரானைட் பாறைகளில் இது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாக முடியும். அங்கே எண்ணெயோ நீரோ தங்கியிருப்பதும் பிளவில்தான், சேற்றை விழுங்குவதும் அதே பிளவுதான். காவிரிப் படுகையின் மாதானத்திலும், 1988 முதல் அடித்தளப் பாறையிலிருந்து எண்ணெய் தரும் வியட்நாமின் பாக் ஹோவிலும் இந்த இக்கட்டு உண்டு.

கணக்காகப் பார்ப்போம். 3000 மீட்டர் ஆழத்தில் நீர்த்தம்பத்தின் அழுத்தம் ஏறத்தாழ 294 பார், அடர்த்தி 1.1 உள்ள சேற்றுக்கு 324 பார். நுண்துளைப் பாறையில் இந்த 30 பார் மிகை பாதுகாப்பு; சுவரில் சேற்றுப்படலம் படிந்து கசிவு நின்றுவிடும். அகன்ற பிளவில் படலம் நிற்காது. பிளவின் அகலம் இரட்டித்தால் ஓட்டம் எட்டு மடங்கு. சேற்றுமட்டம் 400 மீட்டர் இறங்கினால் 43 பார் போய்விடும். பாறையின் அழுத்தம் நீர்த்தம்பத்துக்குச் சமமென்று கொண்டால், உள்ளழுத்தம் அதைவிடக் குறைந்து 281 பாராகி, பாறையிலிருந்து வாயு உள்ளே புகும். சேற்றிழப்பும், 'கிக்' எனப்படும் இந்த உட்புகுதலும் ஒன்றையொன்று தொடர்வது இப்படித்தான். எவ்வளவு பாயும் என்பதைப் பிளவின் அகலம் முடிவு செய்கிறது. உள்ளே வருமா வெளியே போகுமா என்பதை அழுத்த வேறுபாடு முடிவு செய்கிறது. எனவே சேற்றின் அடர்த்தியைக் குறைத்து, துளைவாயை மூடி, மேலிருந்து எதிரழுத்தம் கொடுத்துச் சமன்செய்வதே முதல் வழியாக இருக்க வேண்டும். அடைப்பது கடைசி வழி.

பெங்களூருவை ஒட்டிய ஹெப்பகோடியின் நைஸ் பாறையில் தண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்குகளுக்குச் சேறே தேவையில்லை. கம்ப்ரசர் காற்று ஹேமரை இயக்கி, கல்தூளையும் மேலே தள்ளுகிறது. துளைக்குள் அழுத்தம் குறைவென்பதால் நீர் தானாக உள்ளே வரும். 300 பிஎஸ்ஐ காற்று சுமார் 210 மீட்டர் நீர்த்தம்பத்துக்குத்தான் ஈடுகொடுக்கும். அதற்குமேல் நீர் நின்றால் கம்ப்ரசருக்கு மூச்சுத் திணறும்.

ஆனால் ஹெப்பகோடி அடங்கிய ஆனேக்கல் வட்டத்தில் நிலத்தடிநீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டிருக்கிறது. மேல்மட்டப் பிளவுகள் வற்றினால் நீர் தருவதற்குப் பதில் காற்றை வாங்கிக்கொள்கின்றன. தூள் மேலேறாமல் ஹேமர் சிக்குகிறது. நுரை கலந்து ஓரளவு சமாளிக்கலாம். இங்கே வாயு வெடிக்கும் ஆபத்து இல்லையே, எண்ணெய்க் கிணற்றோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஆபத்துதான் வேறு, இயக்கவிதி ஒன்றே. உற்பத்தியால் அழுத்தம் இழந்த எண்ணெய் அடுக்கும் இப்படித்தான் சேற்றை விழுங்குகிறது.

நம் வழக்கத்தில் கேசிங் குழாய் கடினப்பாறை தட்டியதும் நின்றுவிடுகிறது. அதன்கீழ் துளை முழுக்கத் திறந்தே கிடக்கிறது. மேல்பிளவில் மிஞ்சிய நீர், ஆழத்திலுள்ள அழுத்தம் குறைந்த பிளவுக்குத் துளை வழியாகவே இறங்குகிறது. எண்ணெய்க் கிணற்றில் இதை நிலத்தடி வெடிப்பு என்று அஞ்சி அடக்குவார்கள். வீட்டுக் கிணற்றில் யாரும் அளப்பதுகூட இல்லை. புதிய துளைக்கு முன் பக்கத்துக் கிணறுகளின் நிலைமட்டத்தையும், துளையிடும்போது காற்று திரும்பாத ஆழங்களையும் குறித்துவைத்தால், எந்த ஆழம்வரை குழாய் இறக்குவது என்பதை ஊகிக்காமல் முடிவு செய்யலாம்.