ஆப்பும் ஒற்றைச் சட்டமும்

1767 செப்டம்பர் தொடக்கத்தில் செங்கத்திலும், மாதக் கடைசியில் எங்கள் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலி, நிஜாம் படைகளோடு கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை மோதியது. அன்று கும்பினிச் சிப்பாய் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கொட்டி, குண்டு போட்டு, இடித்துத்தான் அடுத்த வெடி. மழையில் பற்றுமருந்து நனைந்தால் அதுவும் கிடையாது. செங்கம் ரோட்டில் லேத் ஓட்டியவன் நான். இந்த இரண்டு குறைகளையும் பின்னால் வந்த பட்டறைக்காரர்கள் தீர்த்த விதம் என்னை விடாமல் இழுக்கிறது.

ஈரத்துக்கு விடை செம்புக் கேப்பு. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்பு மாதிரி, சுத்தி தட்டியதும் பொறி பறக்கும். அதை நம்பித்தான் 1836-இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட், சுழலும் சிலிண்டரில் ஐந்து வெடி வைத்தார். ஆனால் முதலில் வந்தவற்றில் மருந்து நிரப்பப் பேரலையே கழற்ற வேண்டும். 1847-இன் வாக்கர் மாடலில் ஆறு வெடி. குண்டை இடிக்க அடியிலேயே ஒரு நெம்புகோல். எடை இரண்டு கிலோ! மருந்து அதிகமாகிச் சில சிலிண்டர்கள் வெடித்தன. சுடும் அதிர்ச்சியில் நெம்புகோல் கீழே விழுந்தது. அடுத்த ஆண்டு டிராகூன் மாடலில் மருந்து அறையைக் குறுக்கி, நெம்புகோல் நுனிக்கு ஒரு சிறு கொக்கி வைத்தார்கள். அந்தக் கொக்கியை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

கோல்ட்டில் எனக்குப் பிடிக்காதது ஆப்பு. சிலிண்டருக்கு மேலே சட்டம் இல்லை. பேரலைப் பிடித்து நிறுத்துவது குறுக்கே அடித்த ஓர் ஆப்புதான். நாளாக நாளாக ஆட்டம் கொடுக்கும். 1851-இல் லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் பேரலையும் சட்டத்தையும் ஒரே இரும்பில் அடித்தார். அதில் விசையை இழுத்தாலே சுத்தி எழுந்து விழும். இழுப்பு கடினம் என்பதால் குறி தப்பும். பியூமாண்ட் என்ற ராணுவப் பொறியாளர், வேண்டும்போது கட்டைவிரலாலும் சுத்தியை ஏற்ற வழி செய்தார். 1856-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றது.

1857 சிப்பாய் எழுச்சியில் இரண்டு வகையும் இந்தியாவில் சுட்டன. வாளோடு பாய்பவரை நிறுத்தக் கோல்ட்டின் நேவி மாடலின் சிறு குண்டு போதவில்லை என்று ஆங்கிலேயர் குறைப்பட்டார்கள். பாய்ந்தவர்கள் நம் சிப்பாய்கள். அதை மறந்துவிட்டு இந்த இரும்பை மெச்ச எனக்கு மனம் வராது.

இயந்திரமாகப் பார்த்தால் ஆடம்ஸின் ஒற்றைச் சட்டமே உயர்ந்தது. உலோகத் தோட்டா வந்து கேப்புக்கு வேலை இல்லாமல் போனபோது, 1868-இல் பிரிட்டிஷ் ராணுவம் தன் பியூமாண்ட்-ஆடம்ஸ் துப்பாக்கிகளைத் தூக்கி எறியவில்லை. தோட்டா போடும்படி மாற்றி, அதே சட்டத்தோடு மீண்டும் படைக்குக் கொடுத்தது.