பாட்டனார் ஏடும் பெயரர் எழுத்தும்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே மருவிப் பேரன் என வழங்குகிறது. பெயரை இடுவது பெற்றோர் செயல். பெயருக்குரியவர் என்ன செய்தார் என்று கேட்டறிவது வளர்ந்த பேரனின் கடமை. இதற்கு நம் சமுதாய வரலாற்றிலேயே சான்று உண்டு.

1845இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன். அவர்தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். சமையற்கட்டுப் பொறுப்பாளர் என்றே ஊரார் அவரைக் கண்டிருப்பர். அவர் இல்லத்திலோ திருக்குறளும் நாலடி நானூறும் ஓலைச்சுவடிகளாக இருந்தன. அவற்றை அவர் தம் துரையிடம் அளித்தார். அவர் வழியாக எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அவை அச்சேறின என்று பண்டிதர் எழுதியுள்ளார். எல்லிஸ் மறைந்தது 1819இல். ஆகவே இது பண்டிதர் பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன் நிகழ்ந்தது. வீட்டுப் பெரியோர் வாய்மொழியாகவே அது அவரை எட்டியிருத்தல் வேண்டும்.

பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. தாமே தாத்தா ஆகும் வயதில், பேரனாக நின்று அவர் பாட்டனாரைப் பற்றி எழுதினார். நம் முன்னோர்க்கும் கல்விக்கும் தொடர்பே இல்லை எனப் பிறர் பேசிய காலம் அது. ஏடு காத்த குடும்பம் எமது என்று சொல்ல அவருக்குப் பாட்டனார் துணைநின்றார். பட்லர் கந்தப்பனின் பெயரை நாம் இன்று அறிவதும் அப்பேரன் எழுதியதனால்தான்.

நம் இளைஞருள் சிலர், பட்டம் பெற்றதும் பாட்டியின் பேச்சுக்கு நாணுகின்றனர். நண்பர் வந்தால் அவரை உள்ளே இருக்கச் சொல்வோரும் உளர். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், வயதுவந்த பேரன் பேத்தியரையும் 'பிள்ளைகள்' என்பதனுள் அடக்கிப் பராமரிப்புக் கடமையை விதித்துள்ளது. சோற்றுக்கு அச்சட்டம் வழிசெய்யும். அருகில் அமர்ந்து கேட்கச் செய்ய அதனால் இயலாது.

இதைச் சொல்ல நமக்கும் முழுத் தகுதி இல்லை. நம் சேரியில் முதற் பள்ளிக்கூடக் கொட்டகை எழுந்த கதையை நம் பாட்டனார் அடிக்கடி சொல்வார். எவர் வீட்டுக் கீற்று, எவர் கொடுத்த மூங்கில், எவர் ஒருநாட் கூலியை விட்டுவந்து மண் மிதித்தார் என்று பெயர் பெயராகச் சொல்வார். ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த நாம், அடுத்த விடுமுறையில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அவ்விடுமுறைக்கு முன்பே அவர் காலமானார். இம்மலருக்காக எழுத அமர்ந்தபோது நமக்கு நினைவுக்கு வந்தவை நான்கு பெயர்களே.