சுழற்சி லேசர்

எலக்ட்ரான்களின் தற்சுழற்சியைக் கொண்டு ஒளியின் முனைவாக்கத்தை (ஒளியலை அதிரும் திசையை) ஆட்டிவைக்கும் குறைக்கடத்தி லேசர். சில்லின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒளி உமிழும் ‘விக்செல்’ வகையே இதற்குத் தோதானது. அந்த வகையை 1977இல் முன்மொழிந்தவர் ஜப்பானியர் கெனிச்சி இகா.

ஒரு திசைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரான், ‘துளை’யோடு (எலக்ட்ரான் இல்லாத காலியிடத்தோடு) சேரும்போது வலவட்ட ஒளியும், எதிர்த்திசையது சேரும்போது இடவட்ட ஒளியும் பிறக்கின்றன. இரு வகையும் சம அளவில் இருந்தால் நேர்கோட்டு முனைவாக்கமே கிடைக்கும். இந்தக் கணக்கை 1995இல் சான் மிகேல், ஃபெங், மொலோனி மூவரும் ‘சுழற்சி மாற்ற மாதிரி’ என்ற சமன்பாடுகளாக வடித்தனர்.

சாதாரண லேசரில் தகவலைச் சுமப்பது ஒளியின் செறிவு. அதை ஏற்றி இறக்கும் வேகம் சில பத்து கிகாஹெர்ட்ஸோடு திணறிவிடும். முனைவாக்கத்துக்கு அந்தக் கட்டு இல்லை. படிகத்தின் இரட்டை ஒளிவிலகல், ஒன்றுக்கொன்று செங்குத்தான முனைவாக்கம் கொண்ட இரு ஒளி முறைகளின் அதிர்வெண்களைச் சற்றே பிரித்துவைக்கிறது. சுழற்சியைத் தூண்டிவிட்டால், ஏறத்தாழ அந்த இடைவெளியின் வேகத்திலேயே ஒளி வலவட்டத்துக்கும் இடவட்டத்துக்கும் மாறி மாறி ஊசலாடும். பிரிவு கூடக்கூட வேகமும் கூடும். பொறியாளர்கள் குறையென்று ஒதுக்கிவந்த பண்பு இங்கே மூலதனமாகிவிட்டது!

ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகக் குழுவினர் செய்தது இதைத்தான். சில்லை இயந்திர அழுத்தத்தால் லேசாக வளைத்து இரட்டை ஒளிவிலகலைப் பெருக்கினர்; 200 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய ஊசலாட்டம் கிடைத்தது. 2019இல் ‘நேச்சர்’ இதழ் முடிவை வெளியிட்டது.

அங்கே சுழற்சியைத் தூண்டியது வெளியிலிருந்து பாய்ச்சிய வட்ட முனைவாக்க ஒளித்துடிப்பு. அறை வெப்பநிலையில் மின்னோட்டத்தாலேயே அதைச் செய்ய முடிந்தால்தான் தரவு மையங்களுக்கு இந்த லேசர் பயன்படும்.