பின்வளவுக்கும் தண்ணீர்: தெளிப்பான் தொகுதியை நீட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நகரங்களில் வீடு வாங்கிய எம்மவர்களில் சிலருக்கு, முந்திய உரிமையாளர் போட்டுவிட்டுப் போன தண்ணீர்த் தெளிப்பான் தொகுதியும் வீட்டோடு சேர்ந்து கிடைத்திருக்கும். பல வீடுகளில் அது முன்புறப் புல்தரைக்கு மட்டுமே இருக்கும். பின்வளவுக்கும் அதை நீட்டினால் என்ன என்ற எண்ணம் இரண்டாவது கோடையில் வரும்.

எங்களுக்கும் வந்தது. இருந்த குழாயின் கடைசி முனையில் இன்னும் மூன்று தெளிப்பான்களைப் பூட்டினோம். புதியவை நிலத்தை விட்டு எழும்பவே இல்லை. அதுவரை ஒழுங்காக வேலை செய்த பழையவையும் படுத்துவிட்டன. ஓகஸ்ட் முடியும்போது முன்னும் பின்னும் புல் கருகியிருந்தது. தண்ணீர்ப் பில் மட்டும் கூடியிருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் வரவு செலவு எழுதிய நாங்கள், எங்கள் வளவைக் கிண்டுவதற்கு முன் ஒரு கணக்கும் போடவில்லை. பிந்திப் போட்ட அந்தக் கணக்கை இங்கே தருகிறோம்.

வரவு: எவ்வளவு தண்ணீர் வருகிறது?

வீட்டுக்குள் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு, வெளிக்குழாயை முழுதாகத் திறந்து 20 லீற்றர் வாளியை நிரப்புங்கள். எத்தனை செக்கனில் நிரம்புகிறது என்று பாருங்கள். எங்கள் வாளி 30 செக்கனில் நிரம்பியது. அப்படியென்றால் நிமிடத்துக்கு 40 லீற்றர். இதில் முக்கால் பங்கை மட்டுமே செலவுக்கு எடுக்கவேண்டும். குழாயிலும் வால்விலும் இழப்பு உண்டு. ஆகவே எங்கள் வரவு 30 லீற்றர்.

அமுக்கத்தையும் பாருங்கள். வெளிக்குழாயில் திருகிப் பூட்டும் அமுக்கமானி வன்பொருள் கடைகளில் கிடைக்கும். சாதாரண விசிறல் தெளிப்பான் நன்றாக வேலை செய்ய அதன் வாயில் 30 பி.எஸ்.ஐ. வேண்டும். வெளிக்குழாயில் 50 அல்லது அதற்கு மேல் காட்டினால் கவலையில்லை.

செலவு: ஒவ்வொரு தெளிப்பானும் எவ்வளவு குடிக்கிறது?

15 அடி, அதாவது ஏறத்தாழ 4.5 மீற்றர் தூரம் வீசும் விசிறல் தெளிப்பான், முழு வட்டம் அடித்தால் நிமிடத்துக்குச் சுமார் 14 லீற்றர் எடுக்கும். அரை வட்டத்துக்கு 7, கால் வட்டத்துக்கு 3.5.

எங்கள் பழைய குழாயில் அரை வட்டம் மூன்றும் கால் வட்டம் இரண்டும் இருந்தன. மொத்தம் 28 லீற்றர். மீதி வெறும் இரண்டு லீற்றர். நாங்கள் பூட்டியதோ மூன்று அரை வட்டங்கள், 21 லீற்றர். மொத்தச் செலவு 49, வரவு 30. எந்தக் கடையும் இப்படி ஓடாது.

தீர்வு: புதிய வலயம்

ஒரு வால்வு திறக்கும்போது ஒன்றாக வேலை செய்யும் தெளிப்பான்களின் கூட்டத்தை வலயம் என்கிறோம். வலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே திறக்கும். யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணற்றில் இறைத்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவருடைய முறையில் மற்றவர் வாய்க்காலைத் திறந்தால் இரண்டு தோட்டத்துக்கும் தண்ணீர் எட்டாது. பின்வளவுக்கும் தனி முறை வேண்டும்.

எங்கள் பின்வளவுப் புல்தரை 9 மீற்றர் நீளம், 4.5 மீற்றர் அகலம். நான்கு மூலையிலும் கால் வட்டம், நீளப் பக்கங்களின் நடுவில் அரை வட்டம் இரண்டு. மொத்தம் 28 லீற்றர், வரவுக்குள் அடங்கியது. ஒரு தெளிப்பானின் தண்ணீர் அடுத்த தெளிப்பான் வரை எட்டவேண்டும் என்பதே இடைவெளிக்கான விதி. விசிறல் தெளிப்பானையும் மெதுவாகச் சுழலும் வகையையும் ஒரே வலயத்தில் கலக்கவேண்டாம். முதலாவது மணிக்கு 40 மில்லிமீற்றர் அளவில் ஊற்றும். இரண்டாவதில் சில வகைகள் 10 மட்டுமே. ஒரு பக்கம் சேறாகும், மறுபக்கம் காயும்.

கிண்டுவதற்கு முன்

ஒன்ராறியோவில் மண்வெட்டி வைப்பதற்கு முன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும். இது சட்டம், வீட்டுக்காரருக்குக் கட்டணம் இல்லை. குறைந்தது ஐந்து வேலை நாட்களுக்கு முன் அறிவியுங்கள். எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைபேசி மற்றும் இணையத்துக்குச் செம்மஞ்சள், தண்ணீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை என்று நிலத்தில் அடையாளம் இடுவார்கள். அடையாளத்தின் இரு பக்கமும் ஒரு மீற்றருக்குள் கையால் மட்டுமே கிண்டவேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். மீற்றருக்கு இப்பால் வீட்டுக்காரர் இழுத்த தனிப்பட்ட இணைப்புகளை அவர்கள் குறிப்பதில்லை. பாபிகியூ அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாயும், பின்வளவுக் கொட்டிலுக்குப் போகும் மின்கம்பியும் அப்படிப்பட்டவை. பின்வளவில்தான் இவை இருக்கும். முந்திய உரிமையாளர் செய்தது தெரியாவிட்டால் தனியார் பரிசோதகரை அழைப்பதே பாதுகாப்பு. பிழைத்தால் போவது புல் அல்ல, உயிர்.

இணைப்பு

புதிய வால்வு, பழைய வால்வுகளுக்கு முன்னால், எப்போதும் அமுக்கம் இருக்கும் பிரதான குழாயில் இணையவேண்டும். அது பின்னோட்டத் தடுப்பானுக்கு அப்பால், தோட்டப் பக்கத்தில் இருக்கவேண்டும். தோட்டத்துத் தண்ணீர் குடிநீருக்குள் திரும்பிப் போகாமல் காப்பது அந்தக் கருவிதான். அதில் கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற பிளம்பருக்கு விடுங்கள். அதை வருடா வருடம் சோதிக்கவேண்டுமா என்று உங்கள் நகரசபையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வால்வுகள் 24 வோல்ற்றில் இயங்குபவை. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு கம்பியும், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றும் வேண்டும். வால்வுப் பெட்டியில் பாவிக்காத கம்பி இருக்கிறதா, கொன்ரோலரில் காலி இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பாதிச் செலவு மிச்சம். கம்பி முனைகளுக்கு நீர் புகாத இணைப்பிகளையே பாவியுங்கள்.

எவ்வளவு நேரம்?

புல்லுக்கு மழையோடு சேர்த்து வாரம் 25 மில்லிமீற்றர் போதும். எங்கள் 40 சதுர மீற்றருக்கு அது ஏறத்தாழ ஒரு கன மீற்றர் தண்ணீர். விசிறல் தெளிப்பானுக்குச் சுமார் 36 நிமிடம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 18 நிமிடம். எங்களைப் போல மேல்மண் குறைந்து கீழே களிமண்ணாக இருந்தால் ஆறு ஆறு நிமிடமாகப் பிரித்து விடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் வீதிக்கு ஓடும். சரிபார்க்க வெறும் மீன் ரின்கள் ஆறேழை அங்கங்கே வைத்து, சேரும் தண்ணீரை அளந்து பாருங்கள்.

ஒக்ரோபர்

குழாய்கள் ஒரு அடிக்குள்தான் புதைந்திருக்கும்; இங்கே உறைபனி அதைவிட ஆழத்துக்குப் போகும். ஆகவே கடும் உறைவு வருமுன் கொம்பிரசரால் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றவேண்டும். கறுப்புப் பொலித்தீன் குழாய்க்கு 50 பி.எஸ்.ஐ. மேல் வேண்டாம். ஊதுபவரிடம் புதிய வலயம் பற்றிச் சொல்ல மறக்கவேண்டாம். ஒரு வலயத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் இளவேனிலில் வால்வு வெடித்திருக்கும்.

ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பவர்கள் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வரவை அளந்தீர்களா? இந்த வலயத்தின் மொத்தச் செலவு எத்தனை லீற்றர்? நிலத்தடி அடையாளத்துக்கு யார் அறிவிப்பது? முதலாவதுக்குப் பதில் இல்லாமல் விலை சொல்பவர், நாங்கள் செய்த பிழையைத்தான் உங்கள் காசில் செய்யப்போகிறார்.

குழியை மூடுமுன் படம் எடுத்து, சுவரிலிருந்து குழாய் எத்தனை அடி என்று ஒரு தாளில் எழுதிக் கொன்ரோலர் பெட்டிக்குள் வையுங்கள். எங்களுக்கு முன் இருந்தவர் அப்படி ஒரு தாள் வைத்திருந்தால், எங்கள் முதல் கோடை வீணாகியிராது.