பழைய வானொலி கேசட் வீட்டில் இருக்கிறதா? வீசிவிடாதீர்கள்

பத்துமலை: தோட்ட வீட்டைக் காலி செய்து அடுக்குமாடிக்கு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய கேசட் பெட்டிதான். எல்லாம் சினிமாப் பாட்டு என்று நினைத்துவிடுகிறோம். பாட்டு எங்கேயும் கிடைக்கும். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் வாசித்த நேயர் பெயர்களும் தோட்டத்தின் பெயரும் கிடைக்காது. ஒலிநாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது அந்தக் காலத்தில் உலகமெங்கும் வானொலி நிலையங்களின் வழக்கம். வீட்டில் பதிவு செய்த கேசட்டே ஒரே பிரதியாக இருக்கலாம்.

கையிலுள்ள பொருளின் காலத்தை நிலையத்தின் பெயரே ஓரளவு சொல்லிவிடும். 1946 ஏப்ரல் 1இல் தொடங்கிய ரேடியோ மலாயா மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் ஒலித்தது. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானபோது அது ரேடியோ மலேசியா ஆனது. தமிழ் ஒலிபரப்பு பின்னர் ‘வானொலி 6’ என்றும், 2005 ஏப்ரல் முதல் ‘மின்னல் எஃப்.எம்.’ என்றும் பெயர் பெற்றது. மிச்சமிருந்த பழைய உறைகளைப் பெயர் மாறிய பிறகும் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் அஞ்சல் முத்திரையையும் பாருங்கள். வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் எடுத்த காலத்து ரசீது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

1948இல் அவசரகாலம் தொடங்கிய பிறகு, தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்க அரசாங்கம் பொது வானொலிகளை வைத்தது. லயத்து மக்கள் அப்படிக் கூடி நிற்கும் படம் யாரிடமாவது இருந்தால், என்னைக் கேட்டால், எந்தப் பழைய வானொலிப் பெட்டியையும்விட அதற்குத்தான் மதிப்பு. படத்தில் இருப்பவர்கள் யார், எந்தத் தோட்டம் என்பதைத் தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு, பின்புறம் பென்சிலால் எழுதுங்கள்.

நம் ஊர் ஈரக் காற்று நாடாவுக்கு எதிரி. வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் கேசட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துவிடும், கருவியும் கெடும். நல்ல நிலையில் இருந்தால், மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் மேலே வேறு எதுவும் பதிவாகாது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம், அதிலுள்ள காந்தம் பதிவைக் கெடுக்கும். பிறகு கணினியில் ஒரு நகல் எடுங்கள்.

பழைய பெட்டி வாங்க ஆசைப்படுபவர்கள் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகலாம். கொடுக்க நினைப்பவர்களுக்குக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தனியார் ஆவணங்களையும் பெற்றுக்கொள்கிறார்கள். கொடுக்கும் முன் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.